சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வீடு

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். இவ்விரண்டில் பிந்தியதை என் தாயார் எனக்காகச் செய்து முடித்துவிட்டார்கள். முந்தியது என் பொறுப்பில் நின்றது. அதில் நான் செய்யவிருந்த ஒரு பெரும் பிழையையும், கையொப்பமிடுவதற்குச் சில நாட்களே இருந்தபோது அதிலிருந்து தப்பிய விதத்தையும் நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ரயில்வே குடியிருப்பிலும் வாடகை ஜாகையிலும் ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது நகரின் ஓரத்தில் ஒரு மனை வாங்கி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. என் அனுபவம் அவற்றுள் ஒன்றுக்கேனும் பயன்பட்டால் மகிழ்வேன்.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள ஒரு கரிசல் கிராமத்திலிருந்து நாகபுரிக்கு ரயில்வே வேலையாக வந்தவர் என் தந்தையார். 2009-ஆம் ஆண்டு, பணியில் இருக்கும்போதே காலமானார். பத்தாம் வகுப்புத் தேறியிருந்த எனக்குக் கருணை அடிப்படையில் உத்தியோகம் கிடைத்தது. அஜனி ரயில்வே குடியிருப்பிலேயே எங்கள் வாழ்வு தொடர்ந்தது. குடியிருப்பு வீட்டில் வசிப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூடக் கை தயங்கும். வாசலில் கறிவேப்பிலைக் கன்று நட்டால், ‘இது மரமாகும்போது நாம் எங்கே இருப்போமோ?’ என்ற எண்ணம் உடன் வரும். என் தாயார் மூன்று வெவ்வேறு குடியிருப்பு வீடுகளில் மூன்று கறிவேப்பிலை மரங்களை வளர்த்துப் பிறருக்கு விட்டு வந்தவர்கள்.

2021-இல், சேமநிதியிலிருந்து பணம் எடுத்து, வார்தா சாலையை விட்டுச் சற்று உள்ளே, முப்பதுக்கு ஐம்பது அடியில், கிழக்குப் பார்த்த ஒரு மனை வாங்கினேன். வீடு கட்டுவதற்கு என் சம்பளம் போதாது. 2023-இல் என் தாயார் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஊரில் தந்தையார் விட்டுச் சென்ற இரண்டு ஏக்கர் கரிசல் நிலத்தை விற்று ஒன்பது லட்சம் ரூபாயை என் கையில் கொடுத்தார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து வெளியே வந்தபோது என் முகம் வாடியிருந்ததைக் கண்டு, “நிலம் எங்கய்யா போச்சு? அங்கன இருந்தது இங்கன வந்திருக்கு. அவ்வளவுதான்” என்றார்கள். இந்த வார்த்தையை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். அடுத்த சில மாதங்கள் நான் அதை மறந்துபோனேன்.

2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓர் ஒப்பந்தக்காரரைப் பிடித்தேன். நல்ல மனிதர், அப்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் கட்டியவர். இங்குள்ளோர் ‘நக்ஷா’ என்று கூறும் வரைபடத்தை இரண்டே நாளில் கொண்டுவந்து கொடுத்தார். கீழே 900 சதுர அடி, மேலே 700 சதுர அடி. முன்புறம் வாகனம் நிறுத்த இடம், பெரிய கூடம், கூடத்திலிருந்தே வளைந்து ஏறும் படிக்கட்டு, மாடியில் இரண்டு அறைகள், தெருவைப் பார்த்த பால்கனி. முகப்பின் வண்ணப் படம் ஒன்றும் உடன் இருந்தது. அந்தப் படத்தில் வீட்டின் முன் ஒரு கார் நின்றது. எனக்குக் கார் இல்லை. ஆயினும் அதைக் கண்ட கணமே, என்றோ ஒரு நாள் வாங்கிவிடுவோம் என்று மனம் சொல்லிற்று. சதுர அடிக்கு 1,750 ரூபாய் வீதம் 1,600 சதுர அடிக்கு 28 லட்சம் ரூபாய். மே மாதக் கடைசியில் கையொப்பம் என்று நாளும் குறித்தாயிற்று.

அந்த வரைபடத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் சென்றேன். உணவு இடைவேளையில் நண்பர்களுக்குக் காட்டினேன். எல்லோரும் புகழ்ந்தார்கள். வீட்டில் என் மனைவி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு ஒன்றும் கூறாமல் மடித்து வைத்தாள். என் தாயார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

“இதுல நான் எங்கய்யா படுக்கணும்?”

“மாடியில், மேற்கு அறை அம்மா. நல்ல காற்று வரும்.”

“சரிய்யா” என்றார்கள். அவ்வளவே. அந்தச் ‘சரி’யை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் குடியிருப்பில், ரயில்வே கட்டுமானப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் தம் மகனுடன் வசிக்கிறார். அவரிடமும் வரைபடத்தைக் காட்டினேன். அவர் புகழவும் இல்லை, இகழவும் இல்லை. “தம்பி, காகிதத்தில் பத்தடி அறையும் உள்ளங்கை அகலந்தான், பதினைந்தடி அறையும் அதைவிட ஒரு விரல் கூடுதல்தான். அளவு கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடியும் ஓர் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வா. வீட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் அழைத்து வா” என்றார்.

மே மாதத்து நாகபுரியில் காலை எட்டு மணிக்கு மேல் வெட்டவெளியில் நிற்பது கடினம். வெயில் 45 பாகையைத் தொடும் காலம் அது. ஆகையால் விடியற்காலை ஐந்தரை மணிக்கே மைதானத்தை அடைந்தோம். கைப்பந்து ஆட்டத்துக்குக் கோடு போடுவதைப்போல, கீழ்த்தளத்தின் சுவர்களை உண்மையான அளவிலேயே தரையில் சுண்ணாம்பால் வரைந்தோம். என் மகளும் மகனும் நாடாவின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டார்கள். வாசல்களுக்கு இடைவெளி விட்டோம். பெரியவர் சுவரின் கனத்தையும் விடாமல் வரையச் சொன்னார். அங்குதான் என் முதற்கணக்குத் தவறிற்று.

வரைபடத்தில் அறை பத்துக்குப் பத்து என்று எழுதியிருந்தது. நூறு சதுர அடி என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் அந்த அளவு ஒரு சுவரின் நடுவிலிருந்து மறு சுவரின் நடுவரைக்கும். சுவரோ ஒன்பது அங்குலம். உள்ளே நமக்குக் கிடைப்பது ஒன்பதேகால் அடிக்கு ஒன்பதேகால் அடி. அதாவது எண்பத்தைந்தரைச் சதுர அடி. அதில் எங்கள் கட்டிலின் அளவுக்கு, ஆறரைக்கு ஐந்து அடியில், ஒரு ஜமக்காளத்தை மடித்துப் போட்டோம். எதிர்ச் சுவரில் ஒன்றே முக்கால் அடி ஆழமுள்ள இரும்பு அலமாரி இருப்பதாகக் கோடிட்டோம். இரண்டுக்கும் நடுவே மீந்தது சரியாக ஓரடி. அலமாரியின் கதவைத் திறந்தால் அது கட்டிலில் இடிக்கும். என் மனைவி அந்த ஓரடிச் சந்தில் ஒருக்களித்து நின்றுகொண்டு, “புடவையை எடுக்க வேண்டுமானால் கட்டில்மேல் ஏறித்தான் எடுக்க வேண்டும்” என்றாள். குழந்தைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவளைச் சமையலறையில் நிற்கச் சொன்னார் பெரியவர். “அம்மா, காலை எழுந்தது முதல் நீ செய்வதை இங்கே செய்து காட்டு” என்றார். அவள் வெட்கத்துடன் தொடங்கினாள். பால் காய்ச்ச அடுப்பு, அங்கிருந்து குழாய், மாவரைக்கும் இயந்திரத்துக்கு இடம் எங்கே? அரிசி ஊறவைக்கும் பாத்திரத்துக்கு? எச்சில் பாத்திரம் எங்கே கழுவுவது? துணி துவைப்பது எங்கே? வரைபடத்தில் இவை ஒன்றுக்கும் இடமில்லை. துவைத்த துணியை உலர்த்த, கூடத்தின் நடுவே, விருந்தினர் முன்னால் ஈர வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏற வேண்டும். வாகனம் நிறுத்தும் இடம் வாசற்கதவு வரை சிமெண்டாய் வந்துவிட்டதால், கோலம் போட ஒரு முழ நிலங்கூட இல்லை. இல்லாத காருக்கு நூற்றைம்பது சதுர அடி ஒதுக்கிய நான், தினமும் உள்ள கோலத்துக்கு ஒன்றும் ஒதுக்கவில்லை.

இவ்வளவு நேரமும் என் தாயார் மைதானத்து வேப்பமரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். “ஆச்சி ரூம் எங்கே?” என்று என் மகன் கேட்டான். “அது மாடியில்” என்றேன். “மாடி வரையலையே?” என்றான் அவன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். “படிக்கட்டை எண்ணினாயா?” என்று கேட்டார். எண்ணவில்லை. வரைபடத்தை விரித்து எண்ணினேன். பன்னிரண்டு படிகள். ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு உயரம் பத்தரை அடி, அதாவது 126 அங்குலம். பன்னிரண்டால் வகுத்தால் படி ஒன்றுக்குப் பத்தரை அங்குலம். கணக்கெழுதிப் பிழைக்கும் நான், மற்றவர்களுடைய தொகையில் ஒரு ரூபாய் பிசகினாலும் கண்டுபிடிக்கிறவன், இந்த வகுத்தலை ஒரு மாத காலம் செய்யாமல் இருந்திருக்கிறேன். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டரை, ஏறத்தாழ ஏழரை அங்குலத்தை, மிஞ்சலாகாது என்கிறது. கால் வைக்கும் பலகை 250 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. அது சுமார் பத்து அங்குலம். கூடத்தைப் பெரிதாகக் காட்டுவதற்காக ஒப்பந்தக்காரர் படிக்கட்டை எட்டேகால் அடி நீளத்துக்குள் சுருக்கிவிட்டார். விளைவு, உயரமான படி, குறுகிய பலகை.

பெரியவர் பக்கத்தில் கிடந்த செங்கற்களில் மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் ஒரு மரப்பலகையை வைத்தார். பத்தரை அங்குலம். என் தாயார் யாரும் அழைக்காமலே எழுந்து வந்தார்கள். முழங்கால் வலி அவர்களுக்கு ஐந்தாறு ஆண்டுகளாக உண்டு. வலக் காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்தார்கள். உடலை மேலே எழுப்ப முயன்றார்கள். முடியவில்லை. என் மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு மீண்டும் முயன்று ஏறி நின்றார்கள். முகத்தில் வலி தெரிந்தது. அதை மறைத்துக்கொண்டு, “ஏறிட்டேன் பாத்தியா? மெள்ள மெள்ள ஏறிக்கிடுவேன்யா” என்றார்கள்.

ஒரு படி. இன்னும் பதினொன்று. நாளொன்றுக்கு எத்தனை முறை? இரவில் எழுந்தால்? மேற்கு வெயில் முழுவதும் சுவரில் விழ, மொட்டைத்தளம் தலைக்கு மேல் காய, மே மாதத்தில் அந்த அறை எப்படி இருக்கும்? ‘நல்ல காற்று வரும்’ என்று நான் சொன்னேனே, அந்தக் காற்று எத்தகையது என்பது நாகபுரியில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? கணவன் விட்டுச் சென்ற நிலத்தை விற்றுக் கொடுத்தவருக்கு, அந்தப் பணத்தில் எழும் வீட்டில், ஏற முடியாத இடத்தில், இருக்க முடியாத அறையை நான் ஒதுக்கியிருந்தேன். யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு நான் ஒன்றைத் தெளிந்தேன். அந்த வரைபடம் தெருவில் போகிறவர்களுக்காக வரையப்பட்டது. உள்ளே வாழ்கிறவர்களுக்காக அன்று. ஒப்பந்தக்காரர்மேல் குற்றமில்லை. அவர் என்னைத்தான் கேட்டார். நான் முகப்பைப் பற்றித்தான் பேசினேன். எத்தனை பேர், என்ன வயது, யார் எப்போது எழுகிறார்கள், எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எங்கள் வீட்டின் ஒரு நாளை எழுதினேன். நாலரை மணிக்குத் தாயார் எழுந்து வாசல் தெளிக்கிறார்கள். ஐந்துக்கு மனைவி அடுக்களையில். ஆறு முதல் ஏழரை வரை ஐந்து பேருக்கும் ஒரே குளியலறைக்கு அவசரம். எட்டுக்கு நான் வேலைக்கு. பகலில் தாயார் தனியே. அப்போது அவர்களுக்கு வேண்டியது தெருவைப் பார்க்க ஒரு ஜன்னல். மாலையில் குழந்தைகள் படிக்க மேசை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் கூடத்தில் நான்கு பாய். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அண்டை வீட்டார் பதினைந்து பேர். இப்படி மூன்று பக்கம் எழுதிய பிறகே மீண்டும் பென்சிலைத் தொட்டேன். உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரிடம் அந்த மூன்று பக்கங்களையும் கொடுத்தேன். அவர் மராட்டியர். ‘கோலம்’ என்பதை ‘ராங்கோளி’ என்று நான் விளக்கியதும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

அவர் வரைந்த படம் இதுதான். மாடி இப்போதைக்கு இல்லை. மனையைச் சுற்றி விதிப்படி விடவேண்டிய இடம் போக, கீழ்த்தளம் ஒன்றே 980 சதுர அடி. தென்கிழக்கில் அடுக்களை, வாஸ்து கூறுவதும் அதுவே, என் தாயார் விரும்பியதும் அதுவே. அதை ஒட்டிப் பாத்திரமும் துணியும் துவைக்கத் தெற்கே ஒரு சிறு முற்றம். வடக்குப் பக்கம், கூடத்தை அடுத்து, தாயாரின் அறை. தெருவை நோக்கி ஒரு ஜன்னல். அதிலிருந்து ஆறே எட்டில் குளியலறை. அதன் கதவு வெளிப்புறம் திறக்கும். உள்ளே யாரேனும் வழுக்கி விழுந்தால், உள்நோக்கித் திறக்கும் கதவை அவர்கள் உடலே தடுத்துவிடும் என்றார் பொறியாளர். மேற்குப் பக்கத்தில் படிக்கட்டு, சாமான் அறை, இரண்டாவது குளியலறை. மாலை வெயிலை இவை தாங்கிக்கொள்ளும், படுக்கை அறைகள் தப்பும். படிகள் பதினெட்டு, ஏழு அங்குல உயரம், நடுவே ஒரு திருப்பம்.

நம்மவர் பலர் மறப்பது கூலருக்கு இடம். இங்கே கோடையில் காற்று வறண்டிருப்பதால், நீரில் நனைந்த தட்டியின் வழியே காற்றை இழுத்து அனுப்பும் கூலர் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் உள்ளே புகும் காற்று எதிர்ப்புறம் வெளியேற வழி வேண்டும். இல்லையேல் அறை புழுங்கும். வெளியே கூலரைத் தாங்க ஒரு மேடை, அருகே ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மின் இணைப்பு, எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல். இந்நான்கையும் வரைபடத்திலேயே குறித்தோம். வீடு கட்டிய பிறகு ஜன்னல் கம்பியை அறுத்துக் கூலரை நுழைப்பவர்களை எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

முன்புறம் கோலத்துக்கு இடமும், இரண்டு பேர் உட்காரும் ஒரு சிறு திண்ணையும் உண்டு. நடுமுற்றம் வைத்த வீடு கட்ட எனக்கு ஆசை. முப்பதடி மனையில் அது நடவாது என்று கண்டு, வருத்தத்துடன் விட்டுவிட்டேன்.

மண்ணைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். மனையை மீண்டும் பார்க்கச் சென்றபோது தாயாரையும் அழைத்துச் சென்றேன். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் கைத்தடியை விட்டார்கள். ஒரு முழத்துக்கு மேல் இறங்கிற்று. “ஏ அய்யா, இது நம்ம ஊரு கரிசல்லா! வெயில்ல வாயப் பொளக்கும், மழையில ஊதும். நம்ம பழைய வீட்டுச் சுவரு ஏன் வெடிச்சுதுன்னு நெனைக்க?” என்றார்கள். பொறியாளரும் அதையே வேறு வார்த்தையில் கூறினார். கரிசல் மண்ணிலுள்ள களிமண் நீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் நிற்கும் இலேசான வீட்டை ஆண்டுதோறும் தூக்கித் தூக்கி இறக்கும். சுவரில் ஜன்னலின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல்கள் பெரும்பாலும் இதன் வேலையே.

ஒப்பந்தக்காரரின் தாளில் அடித்தளம் ஐந்தடி ஆழம் என்று இருந்தது. மனையின் இரண்டு மூலைகளில் குழி தோண்டிப் பார்த்தோம். நான்கடியில் கரிசல், ஐந்தடியிலும் கரிசல், ஏழடியில்தான் இங்குள்ளோர் ‘முரம்’ எனும் கெட்டியான சரளை தட்டிற்று. தூண்கள் அந்த முரத்தில் நிற்க வேண்டும், அவற்றைத் தரைமட்டத்தில் உத்திரங்களால் பிணைக்க வேண்டும், தோண்டிய கரிமண்ணைத் திரும்பக் கொட்டாமல் முரத்தால் நிரப்ப வேண்டும் என்றார் பொறியாளர். கரிசல் மிகவும் ஆழமாகச் செல்லும் இடங்களில், அடியில் குமிழ்போல் அகன்ற சிமெண்டுத் தூண்களை இறக்குவது உண்டு. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை அது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஆயினும் ஆழத்துக்கும் முரத்துக்குமாக, பின்னாளில் ஒரு மாடியைத் தாங்கும் வலிமையுடன், கூடுதல் செலவு 2,60,000 ரூபாய்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மத்திய அரசு ஊழியர்களின் வீடு கட்டும் முன்பணத்துக்கு 2017-இல் திருத்திய விதிகளின்படி, 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 25 லட்சம் ரூபாய், இவற்றுள் குறைந்தது மேல்வரம்பு. வீட்டின் செலவையும் திருப்பிச் செலுத்தும் சக்தியையும் மிஞ்சக் கூடாது. என் அடிப்படைச் சம்பளம் அப்போது 35,900. முப்பத்து நான்கால் பெருக்க 12,20,600. தாயார் தந்தது 9 லட்சம். என் சேமிப்பு 6 லட்சம். ஆக, கையிருப்பு 27,20,600. பழைய வரைபடத்தின் 28 லட்சத்துக்கு எண்பதினாயிரந்தானே குறைகிறது, மனைவியின் வளையலை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த 28 லட்சத்தில் சுற்றுச்சுவர் இல்லை, நிலத்தடித் தொட்டி இல்லை, கழிவுநீர்த் தொட்டி இல்லை, மின் இணைப்புக் கட்டணம் இல்லை. இவற்றுக்கு மூன்றரை லட்சம். அடித்தளத்துக்கு 2,60,000. கூட்டினால் 34,10,000. குறைவது 6,89,400 ரூபாய். அதாவது, கையொப்பமிட்டிருந்தால், சுவர் எழுந்து தளம் போடும் தறுவாயில் பணம் தீர்ந்து நின்றிருப்பேன். அப்படி நின்றுபோன வீடுகள், கம்பி நீட்டிக்கொண்டு மழையில் துருப்பிடிப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

புதிய வரைபடத்துக்கு 980 சதுர அடி, 1,750 ரூபாய் வீதம் 17,15,000; அடித்தளத்தையும் மற்றவற்றையும் சேர்த்து 23,25,000. ஏறத்தாழ நான்கு லட்சம் எதிர்பாராச் செலவுக்கு மிஞ்சுகிறது. வளையல் கையிலேயே இருக்கிறது.

ஒப்பந்தப் பத்திரத்தையும் மாற்றினோம். முன்பு அது ஒரே தாள். ‘நல்ல சாமான் போட்டுக் கட்டித் தரப்படும்’ என்று ஒரு வாக்கியம். ‘நல்ல’ என்ற சொல்லை எந்த அளவு நாடாவால் அளப்பது? புதிய பத்திரத்தில் எழுதியவற்றுள் முக்கியமானவை இவை. அடித்தளம் முரத்தைத் தொடும் வரை. அதைப் பொறியாளர் கண்டு ஒப்பிய பின்னரே காங்கிரீட் போட வேண்டும். சதுர அடி எங்கிருந்து எங்கு வரை அளக்கப்படும், திண்ணைக்கும் படிக்கட்டுக்கும் என்ன வீதம் என்பது. காங்கிரீட் எம்-20 தரத்துக்குக் குறையலாகாது. கம்பியின் தரமும் கனமும் படத்தில் உள்ளபடி. காங்கிரீட்டைக் குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் யார் பொறுப்பு என்பது. பணம் மாதக் கணக்கில் அன்று, வேலை முடியும் படிநிலைக் கணக்கில். நூற்றுக்கு ஐந்து பங்கு, ஒரு மழைக்காலம் கழிந்து ஒழுக்கு இல்லை என்று கண்ட பிறகு. நடுவில் எந்த மாற்றம் செய்தாலும், அதன் விலையை முதலில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். வரைபடத்தின் ஒவ்வொரு தாளிலும் இருவர் கையொப்பமும் இருக்கும்.

இதைக் கண்டு ஒப்பந்தக்காரர் கோபிப்பார் என்று அஞ்சினேன். அவர் படித்து முடித்துவிட்டு, “ரயில்வே தணிக்கைக்காரர்களைப்போல் கேட்கிறீர்களே!” என்று இந்தியில் சிரித்தார். பிறகு, “இப்படி எழுதியிருந்தால் எனக்கும் சண்டை இல்லை. பாதி வீடுகளில் எனக்கு வரவேண்டிய பாக்கி, பேச்சில் சொன்ன மாற்றங்களால்தான் நின்றுபோயிற்று” என்றார். தெளிவு இரு தரப்புக்கும் காவல் என்பதை அன்று கற்றேன்.

கையொப்பத்துக்கு முன் ஒரு காரியம் பாக்கி இருந்தது. புதிய வரைபடத்தையும் மைதானத்தில் சுண்ணாம்பால் வரைந்தோம். கட்டிலுக்கு ஜமக்காளம், அலமாரிக்கு அட்டைப் பெட்டி, மேசைக்குச் சாக்கு. குழந்தைகள் கோட்டைத் தாண்டாமல், வாசல் வழியாகவே உள்ளே போய் வந்தார்கள். என் தாயார் தம் அறையின் ஜன்னல் இருக்கும் இடத்தில் தரையில் அமர்ந்து, இல்லாத தெருவைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்து குளியலறைக்கு நடந்தார்கள். எட்டுகளை வாய்விட்டு எண்ணினார்கள். ஆறு. திரும்பி வரும்போது, “அய்யா, இந்தத் திண்ணைக்கிட்ட ஒரு முழம் மண்ணு விடச் சொல்லு. சிமெண்டு போட்டுராதீங்க” என்றார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பொறியாளரிடம் சொன்னேன். வேர் சுவரைத் தொடாதபடி, வாயிற்கதவை ஒட்டி மூன்றடி சதுரம் ஒதுக்கிக் கொடுத்தார்.

மழை ஓய்ந்து, அவ்வாண்டு ஐப்பசியில் கையொப்பமிட்டோம். அடித்தளம் முரத்தைத் தொட்டது. குழியில் முதலில் இறங்கிப் பார்த்தவன் என் மகன். சுவர் இப்போது ஜன்னல் உயரத்துக்கு வந்திருக்கிறது. ஞாயிறுதோறும் சென்று பார்க்கிறோம். எதிர்பாராத தொல்லைகள் இனியும் வரக்கூடும். வீடு கட்டுகிறவன் எல்லாவற்றையும் முன்னறிந்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது. ஆனால் காகிதத்தில் ஒரு சுவரை நகர்த்தச் சிறு ரப்பர் துண்டு போதும். செங்கல்லில் நகர்த்தக் கடப்பாரை வேண்டும். நகர்த்த முடியாமல் போனால், ஆயுள் முழுதும் அதைச் சுற்றியே நடக்க வேண்டும். ஆதலால் கையொப்பமிடும் நாளை ஒரு மாதம் தள்ளிப் போடுவது நஷ்டமாகாது.

மனை வாங்கி வைத்திருக்கும் அன்பர்கள், முதலில் தங்கள் வீட்டில் ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்திருப்பவர் யார் என்று பாருங்கள். அவரை முதலில் அழைத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நடக்கச் சொல்லுங்கள். அளவு நாடா வேண்டுவோர் என்னிடம் கேட்கலாம். ஐம்பதடி நாடா ஒன்று என்னிடம் இருக்கிறது. கறிவேப்பிலைக் கன்று வேண்டுவோர் என் தாயாரைக் கேளுங்கள். குடியிருப்பு வாசலில் ஒரு பழைய பால் தகரத்தில் அது இப்போதே துளிர்விட்டிருக்கிறது. இம்முறை அதைப் பிறருக்கு விட்டுவர அவர்களுக்கு எண்ணமில்லை; ஆனால் பக்கக் கன்றுகள் உண்டு.